ஈரலுக்குப் பத்தியம்

பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை நாள் என்று ஒன்று உண்டு. ஆளுக்கு ஒரு மாத்திரை. என் கண் முன்னால் மென்று விழுங்க வேண்டும். இத்தனை வருஷ ஆசிரியை வேலையில் நான் சந்தேகமில்லாமல் கற்றுக்கொண்ட வித்தை ஒன்று இருக்குமானால், அது விழுங்காத வாயைக் கண்டுபிடிப்பதுதான். கன்னத்தில் ஒதுக்கிய பிள்ளை பேசாது. நாக்குக்கு அடியில் ஒளித்த பிள்ளை அளவுக்கு மீறிப் பேசும். "நாக்கைத் தூக்கு" என்பேன். தூக்கும். அப்படியும் தப்பிக்கிற பிள்ளைகள் உண்டு. வகுப்பறைக்குப் பின்னால் கோடையில் கரிசல் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்புகளுக்குள் குனிந்து பார்த்தால், எச்சில் காய்ந்த வெள்ளை மாத்திரைகள் கருப்பு மண்ணின் பற்களைப் போலத் தெரியும்.

அந்த மாத்திரையைத்தான், அதே மாத்திரையை, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஒரு இளவயது டாக்டர் என் கணவருக்கு எழுதிக் கொடுத்தார். ஒன்றல்ல. காலை ஒன்று, மாலை ஒன்று, மூன்று மாதம்.

நான் சீட்டை இரண்டு முறை படித்தேன். சந்தேகம் அங்கேயே தொடங்கிவிட்டது. சரியாகச் சொன்னால், அதற்கும் முன்பே தொடங்கியது.

என் கணவர் ஆட்டு வியாபாரி. எட்டயபுரம் சந்தையில் வாங்குவார், வளர்ப்பார், விற்பார். வீட்டுக்குப் பின்னால் பட்டியில் எப்போதும் இருபது உருப்படி நிற்கும். அவற்றுக்குக் காவலாக சாம்பல் நிறத்தில் ஒரு நாட்டு நாய். ஒரு நாள் கொம்பு திருகிய கிடா ஒன்று அவருடைய வலது விலாவில் முட்டிவிட்டது. ஒரு வாரமாகியும் வலி போகவில்லை. எலும்பு கீறியிருக்கும் என்று கோவில்பட்டியில் ஸ்கேன் எடுக்கப் போனோம். ஸ்கேன் எடுத்தவர் முதலில் ஊர்க் கதை பேசிக்கொண்டிருந்தார். பிறகு பேச்சு நின்றது. கருவியை ஒரே இடத்தில் மேலும் கீழும் ஓட்டினார். பேசிக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று வாயை மூடினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கன்னத்தில் எதையோ ஒதுக்கியிருக்கிறார்.

எலும்பு நன்றாகத்தான் இருந்தது. ஈரலில் ஒரு நீர்ப்பை. எலுமிச்சம்பழம் அளவு.

பாளையங்கோட்டை டாக்டருக்கு என் பழைய மாணவர்களின் வயசுதான் இருக்கும். மீசைகூட இன்னும் முடிவெடுக்காமல் இருந்தது. என் கணவரை ரத்தம் எடுக்க அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "வீட்டுல நாய் இருக்கா?"

இந்தக் கேள்வி எங்கே போகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. "இருக்கு."

"ஆடு?"

"வியாபாரமே அதுதான்."

"அறுக்கறதும் உண்டா? அப்போ ஈரல்ல கொப்புளம் கொப்புளமா தண்ணி கட்டியிருந்தா, அந்த ஈரலை என்ன பண்ணுவீங்க?"

நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். அவரே சொன்னார். நாயின் குடலில் மிகச் சின்ன நாடாப்புழு ஒன்று இருக்கும். அதன் முட்டை நாயின் கழிவில் வரும், ரோமத்தில் ஒட்டும். புல்லோடு அதைத் தின்ற ஆட்டின் ஈரலில் நீர்ப்பை வளரும். அந்த ஈரலை நாய் தின்றால் மறுபடி நாயின் குடலில் புழு. ஆட்டுக்கும் நாய்க்கும் நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் வாயில் வைத்த மனிதன் அந்த வட்டத்துக்குள் தவறிப்போய் விழுகிறான். ஆட்டுக்கறி தின்பதால் இது வராது.

"பெரும்பாலும் அந்த ஈரலை நாய்க்குத்தான் போடுறாங்க, அங்கதான் தப்பு நடக்குது" என்றார்.

எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு முறை அசனம் நடக்கும். ஊரே ஒன்றாக உட்கார்ந்து ஆட்டுக்கறியும் சோறும் சாப்பிடும் விருந்து. ஆடு எங்கள் பட்டியில் இருந்துதான் போகும். அறுப்பவர் என் கணவர். ஈரலையும் குடலையும் தரம் பிரிக்கும் பெண்களில் நான் ஒருத்தி. கொப்புளம் கட்டிய ஈரல் ஆண்டவர் வீட்டுச் சாப்பாட்டில் சேரக்கூடாது. அதை நாய்க்குப் போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சுத்தம். சுத்தத்தில் நான் கறார் என்பதால் அந்த வேலையை எனக்கு விட்டிருந்தார்கள். வழுவழுப்பான அந்தத் துண்டுகளை நான் தூக்கி வீசுவேன். எங்கள் நாய் தரையில் விழவிடாமல் காற்றிலேயே கவ்வும். பெண்கள் சிரிப்பார்கள். "டீச்சர் வளத்த நாயில்லா" என்பார்கள்.

இதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. தன் கையில் கறை இருக்கிறவள்தான் ஊரில் எல்லார் கையையும் உற்றுப் பார்ப்பாள். அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

டாக்டர் அடுத்ததைச் சொன்னார். பை சின்னதுதான், ஆனால் உயிரோடு இருக்கிறது. மாத்திரையை மட்டும் வைத்து மூன்று மாதம் பார்க்கலாம். மாத்திரைக்கு மசியாவிட்டால் ஆபரேஷன். அதுவரை விலாவில் அடி படக்கூடாது. உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து. ஆட்டுப் பக்கம் போகவே வேண்டாம். மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை, இந்த மாத்திரை சில பேருக்கு ஈரலை உரசிப் பார்க்கும் என்பதால்.

கடைசியாக ஒன்று சொன்னார். "மாத்திரையை நெய், முட்டை, எண்ணெய்ப் பலகாரம் இப்படி ஏதாவது கொழுப்போட சேர்த்துப் போடச் சொல்லுங்க. மறந்துராதீங்க."

நான் மறக்கவில்லை. நம்பவில்லை. இரண்டும் வேறு.

எங்கள் பக்கத்தில் ஈரலுக்கு ஒன்று என்றால் முதலில் வீட்டை விட்டு வெளியேறுவது எண்ணெய். மஞ்சள் காமாலை வந்த வீட்டில் தாளிக்கும் சத்தமே கேட்காது. பக்கத்து வீட்டில் வடை சுட்டால்கூட ஜன்னலைச் சாத்துவார்கள். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஈரலில் கட்டியை வைத்துக்கொண்டு நெய்யைத் தின்னச் சொல்லும் டாக்டர், ஒன்று தூக்கத்தில் இருக்கிறார், அல்லது எதையோ படிக்காமல் தேர்வு எழுதியிருக்கிறார். போதாக்குறைக்கு மாத்திரையும் ஈரலை உரசுமாம். உரசுகிற இடத்தில் எண்ணெயும் ஊற்றினால்?

ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு என் கணவர் வந்தார். "டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"மாத்திரை. பத்தியம்" என்றேன்.

ஒரு சொல்லைக் கூட்டி, ஒரு சொல்லை விழுங்கினேன். நாக்கைத் தூக்கு என்று என்னிடம் சொல்ல அங்கே யாரும் இல்லை.

பயம் ஆபரேஷனில் இருந்தது. அவருடைய அண்ணன் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று நடந்து போனவர், துணி மூடிப் பிணமாகத்தான் வந்தார். அந்த அண்ணனின் மனைவி அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள்; என் கணவரைப் போலவே நானும் அவளை மதினி என்றுதான் கூப்பிடுவேன். செய்தி கேட்டு வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, என்ன வேணும்னாலும் செய்யி. அறுக்க மட்டும் விட்டுராத" என்றாள். அழவில்லை. மூன்று மாதத்தில் அந்த எலுமிச்சம்பழம் வாட வேண்டும். வாடாவிட்டால் கத்தி.

நான் குதிரைவாலிக் கஞ்சி வைத்தேன். உப்பு பேருக்கு, எண்ணெய் துளியும் இல்லை. கடுகு கிடையாது, தேங்காய் கிடையாது. ஆடை நீக்கிய மோர், அவித்த சுரைக்காய். அவர் காலையில் கஞ்சியைக் குடித்து, மாத்திரையைப் போட்டு, என் முன்னால் நாக்கைத் தூக்கிக் காட்டுவார்.

"இன்னைக்கு அட்டன்டன்ஸ் உண்டா டீச்சர்?"

"இன்னும் தூக்குங்க."

"கழுத்து வலிக்குது. மார்க்கு போடுதீங்களா, நாளைக்கு வரட்டுமா?"

ஆடு மேய்க்கக் கூடாது என்றதும் வீட்டில் உட்கார அவருக்கு முடியவில்லை. கோவில்பட்டியில் அவருடைய கூட்டாளி பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கிற கடை வைத்திருந்தார். அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். வர நேரமாகும் என்பதால் மாலை மாத்திரையைச் சட்டைப்பையிலும், கஞ்சியைத் தூக்குச்சட்டியிலும் கொடுத்தனுப்பினேன்.

அந்த மூன்று மாதமும் நான் நம்பிய பொருள் ஒன்றும் கிடையாது. மருந்துக்கடையில் போன மாதம் கொடுத்தது வெள்ளை அட்டை. இந்த மாதம் பச்சை அட்டை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, இது வேற மாதிரி இருக்கே."

"கம்பெனி வேற டீச்சர். உள்ள சரக்கு ஒண்ணுதான்" என்றார் கடைக்காரர். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இத்தனை அட்டையா? பள்ளிக்கூடத்துக்குன்னா அங்க சர்க்கார்லயே குடுப்பாவளே."

"வீட்டுக்கு."

"வீட்ல எத்தனை பேருக்கு?"

"ஒருத்தருக்கு."

அவர் சீட்டை வாங்கி இன்னொரு தடவை படித்தார். நான் அவரைச் சந்தேகப்பட, அவர் என்னைச் சந்தேகப்பட, இடையில் அந்தப் பச்சை அட்டை ஒன்றும் அறியாதது போல மேஜையில் கிடந்தது.

முதல் மாத ரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கு கொஞ்சம் ஏறியிருந்தது. போனில் கேட்டதற்கு டாக்டர், "லேசாத்தான் ஏறியிருக்கு, தொடருங்க" என்றார். லேசாக என்பது யாருக்கு லேசு? கஞ்சியை இன்னும் நீர்க்க வைத்தேன். இரண்டாம் மாதம் இறங்கியது. என் பத்தியம் என்று முடிவு செய்தேன்.

நாயையும் நம்பவில்லை. பட்டியோரம் அது படுத்திருந்தால், அதன் மூச்சில் ஏறி இறங்கும் வயிற்றையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஊரில் சிலர் அடித்துப் போட்டுவிடச் சொன்னார்கள். என் கணவர்தான் மறித்தார். "அது என்னல செஞ்சது? நம்ம போட்டதைத் தின்னுச்சு" என்று வந்தவனிடம் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கேட்டது.

கால்நடை ஆஸ்பத்திரியில் நாய்க்கும் நாடாப்புழு மாத்திரை கொடுத்தார்கள். வேறு மாத்திரை. சும்மா கொடுத்தால் துப்பிவிடும், ஒரு துண்டுக் கொழுப்புக்குள் பொதிந்து கொடுங்கள் என்றார்கள். வாலை ஆட்டிக்கொண்டு, கேள்வி கேட்காமல், முழுத் துண்டையும் விழுங்கியது. நாய்க்குக் கொழுப்பும் கணவருக்குச் சுரைக்காயும் கொடுத்த அந்த நாளை நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது. அன்று கூசவில்லை.

மூன்றாவது மாதம் பாதிக்கு மேல் போன பிறகு தூக்குச்சட்டியைக் கவனித்தேன். அது கழுவி வந்திருந்தது. கஞ்சி குடித்த சட்டி ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு காய்ந்து கிடக்கும். இருபது வருஷத்தில் ஒரு தம்ளரைக் கழுவாத மனிதர், சட்டியின் மூடி வரை புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்திருக்கிறார். அழுக்கைவிட அதிகச் சுத்தம்தான் எனக்குச் சந்தேகம் தரும். அவருடைய தோள்துண்டை முகர்ந்தேன். சோம்பு. பட்டை. அடியில் எண்ணெய்.

மறுநாள் மதினி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏட்டி, உன் வீட்டுக்காரர் பத்தியம்னுதானே சொன்ன?" என்றாள்.

"ஆமா மதினி."

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில அவிய கை சால்னாவுல நீச்சலடிக்குது. நான் பஸ்ஸுல இருந்து பாத்தேன். என்ன பத்தியமோ."

பள்ளிக்கூடம் விட்டதும் கோவில்பட்டி பஸ் ஏறினேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. கரிசலில் உளுந்து பிடுங்கிய காடு, வெறும் தலையாகப் பின்னால் ஓடியது. பரோட்டாக் கடைக்கு எதிரே ஒரு பழக்கடை. தொங்கிக்கொண்டிருந்த வாழைத்தார்களுக்குப் பின்னால் நின்றேன். பழக்காரி என்ன வேணும் என்றாள். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். பொய்யில்லை.

அவர் வந்தார். வாசல் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தார். கேட்காமலே இலை வந்தது, அதில் இரண்டு எண்ணெய் பரோட்டா வந்தது. எண்ணெயிலேயே முறுகப் பொரித்து, விரல் பட்டால் நொறுங்குகிற பரோட்டா. மேலே சால்னா. ஒரு முட்டை. அவர் சுற்றும் முற்றும் பார்த்தார், என் வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளை பார்ப்பது போல. பாதி தின்றதும் இடது கையால் சட்டைப்பையில் இருந்து மாத்திரையை எடுத்தார். என்னை அறியாமல் வாழைத்தாரை விலக்கிவிட்டேன். தூக்கி எறியப்போகிறார் என்றுதான் நினைத்தேன். எறியவில்லை. வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். தலையைப் பின்னால் சாய்த்து ஒழுங்காக விழுங்கினார். பிறகு மீதிப் பரோட்டா.

மாத்திரை உள்ளே போனதில் நிம்மதி. பரோட்டா உள்ளே போனதில் ஆத்திரம். இரண்டும் ஒரே தொண்டை வழியாகத்தான் இறங்கின.

வீட்டுக்கு வந்து நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வளரும். வளர்ந்தால் எண்ணெய் கூடாது என்று டாக்டர் சொன்னாரா என்று ஒரு கேள்வி வரும். அதைவிட மோசமான காரணம் ஒன்றும் இருந்தது. ஸ்கேனுக்குப் பத்து நாள்தான் பாக்கி. நன்றாக இருந்தால் என் பத்தியம். கெட்டுப்போயிருந்தால் அவருடைய பரோட்டா. எந்தப் பக்கம் விழுந்தாலும் என் தலை தப்பும்படி ஒரு இடத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். பத்து நாளும் அவர் கழுவிய சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பத்து நாளும் நான் அதை மறுபடி கழுவினேன்.

பாளையங்கோட்டையில் அவரைப் படுக்க வைத்து வயிற்றில் பசையைத் தடவினார்கள். டாக்டரே கருவியைப் பிடித்தார். பேசிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். வாய் மூடியது. மதினி அழாமல் சொன்ன சொல் காதுக்குள் நின்றது.

பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். கருப்பு வட்டத்துக்குள் ஒரு வெள்ளைக் கோடு நெளிந்துகொண்டிருந்தது, வாளித் தண்ணீரில் நழுவிய கைக்குட்டை மாதிரி.

"பாத்தீங்களா? போன தடவை இந்தச் சவ்வு சுவரோட ஒட்டியிருந்துச்சு. இப்ப உரிஞ்சு மிதக்குது. அளவும் கொஞ்சம் சுருங்கியிருக்கு. மருந்து போய்ச் சேர்ந்திருக்கு."

"அப்ப அறுக்க வேண்டாமா?"

"இப்போதைக்கு வேண்டாம். இதே மாத்திரை இன்னும் மூணு மாசம், மறுபடி ஸ்கேன்." கருவியைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "நெய் எண்ணெயோட ஒழுங்கா போட்டிருக்கீங்க. நிறைய பேர் அதைக் கேக்கறதே இல்லை."

படுத்திருந்தவர் தலையைத் திருப்பினார். "என்ன எண்ணெய் சார்?"

"அம்மாகிட்ட முதல் நாளே சொன்னேனே. கொழுப்போட சேர்த்துத்தான் போடணும்னு."

பசை பூசிய வயிற்றோடு அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஒரு ஆட்டை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, அது சந்தையில் பார்த்த ஆடுதானா என்று பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"சொன்னாரா?"

"சொன்னாரு" என்றேன். பிறகு டாக்டரிடம், "நான் குடுக்கல சார். ஈரலுக்கு ஆகாதுன்னு கஞ்சியிலதான் குடுத்தேன். எண்ணெயே இல்லாம. மூணு மாசமும்" என்றேன்.

டாக்டருக்குப் புரியவில்லை. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்புறம் எப்படி?"

என் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சாயங்கால மாத்திரையைப் பரோட்டாவோட போடுவேன் சார். எண்ணெய் பரோட்டா. கஞ்சியோட போட்டா வயித்தைப் புரட்டுச்சு. பரோட்டான்னா நிக்குது."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை கடை லீவு சார்."

டாக்டர் சிரித்தாரா என்று தெரியவில்லை. மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பிவந்து பொறுமையாகச் சொன்னார். இந்த மருந்து தண்ணீரில் கரையாது. கொழுப்பு இருந்தால்தான் குடலில் இருந்து ரத்தத்துக்கு ஏறும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் குடலில் இருக்கும் பூச்சிக்காகக் கொடுக்கிறார்கள். அங்கே மருந்து குடலிலேயே நின்றால் போதும், ஒரு மாத்திரையே போதும். இவருக்குப் பை இருப்பது ஈரலில். அங்கே போய்ச் சேர வேண்டும், நாள்கணக்காகச் சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும். காலைக் கஞ்சியோடு போட்டதில் கொஞ்சம்தான் ஏறியிருக்கும்.

மூன்று மாதம் நான் சுமந்த கேள்விக்கு மூன்று வரியில் பதில். முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் கேட்பதில்லை; பதில் தெரிந்ததனால்தானே சந்தேகப்படுகிறார்கள்.

அப்போதும் விடவில்லை நான். "சவ்வு தானாவே இப்படி உரியுமா சார்?"

"சில பேருக்கு அப்படியும் ஆகும். உறுதியா சொல்ல முடியாது."

அந்தச் 'சில பேருக்கு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தேன். அங்கே அது கையில் இருந்து நழுவிவிட்டது.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்தார். பஸ் கயத்தாறு தாண்டியது. மின்சாரக் காற்றாடிகள் தூரத்தில் சுற்றின. பிறகு வெளியே பார்த்தபடியே சொன்னார்:

"ஒவ்வொரு நாளும் பயந்துகிட்டேதான் தின்னேன். சாவைத் தின்னுட்டு வாரோம்னுதான் நெனைப்பு. திங்காம இருக்கவும் முடியல. கஞ்சியைக் கூட்டாளி வீட்டு ஆட்டுக்கு ஊத்திட்டு, சட்டியைக் கழுவிக்கிட்டு வருவேன். காலையில நீ கஞ்சியோட வந்து நிக்கையில மூஞ்சியைப் பாக்க முடியாது."

"நான் பாத்தேன்."

"என்னத்த?"

"நீங்க தின்னத. எதுத்த பழக்கடையில நின்னு."

அவர் இப்போது திரும்பினார். "பாத்துட்டா சும்மா இருந்த?"

"ஆமா."

"ஏன்?"

பொய் சொல்ல ஒரு வினாடி இருந்தது. "ஸ்கேன் கெட்டுப்போச்சுன்னா பரோட்டாவச் சொல்லலாம்னு."

முன்சீட்டுக் கம்பியில் இருந்த தன் கையையே பார்த்தார். ஆடு கட்டிய கயிறு அறுத்த தழும்புகள் உள்ள கை.

"டீச்சர், நீங்க டாக்டரை நம்பல. மருந்துக்கடை அண்ணாச்சியை நம்பல. நாயை நம்பல. என்னைய நம்பல. அந்தக் கஞ்சியை மட்டும் எப்படி நம்புனீங்க?"

கஞ்சி நான் காய்ச்சியது, அவ்வளவுதான் காரணம்.

"ஈரலை வீசுனது நான்தான்" என்றேன். "அசனத்துல. வருஷா வருஷம்."

"தெரியும். அறுத்துக் குடுத்தது யாரு? நான்தான்" என்றார்.

போன அசனத்துக்குக் குழி வெட்டச் சொன்னேன். கொப்புளம் கட்டிய ஈரலை எல்லாம் எரித்து, இடுப்பளவு ஆழத்தில் போட்டு மூடினோம். "இதென்ன டீச்சர், ஈரலுக்கு அடக்க ஆராதனையா?" என்று ஒரு பெண் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் காரணத்தைச் சொன்னேன், யார் வீசினது என்பதையும் சேர்த்து. சிரிப்பு அடங்கியது. கரிசல் மண்ணை நம்ப முடியாது. வெயிலில் வாயைப் பிளந்துவிடும். குழிக்கு மேல் ஆட்டுக்கல் ஒன்றை உருட்டி வைத்தேன். ஒரு வாரம் தினமும் போய்ப் பார்த்தேன். நாயும் கூடவே வந்து, என் கையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது, இப்போது வீசுவாள் என்று.

பை இன்னும் முழுதாகச் சாகவில்லை. அடுத்த ஸ்கேன் வரவேண்டியிருக்கிறது. காலையில் சூடான சோற்றில் நெய் விட்டு, முட்டை ஒன்றைப் பொரித்து, மாத்திரையைத் தட்டின் ஓரத்தில் வைக்கிறேன். முதல் நாள் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது டாக்டர் சொன்னதா, நீயா சொல்லுதியா?"

"டாக்டர் சொன்னது."

"போன் போட்டுக் கேக்கட்டுமா?"

"கேளுங்க."

போட்டார். என் முன்னாலேயே, ஸ்பீக்கரில். நெய்யா, எவ்வளவு, முட்டை சரியா, எல்லாம் கேட்டார். இப்போதும் ஏதாவது மாற்றி வைத்தால் போன் போகிறது. நான் குறுக்கே பேசுவதில்லை.

கேட்டு முடித்து, சோற்றைப் பிசைந்து, பாதி தின்று, மாத்திரையைப் போட்டு விழுங்குகிறார். பிறகு என் பக்கம் திரும்பி, நான் கேட்காமலே வாயைத் திறந்து நாக்கைத் தூக்குகிறார்.

"வேண்டாம்" என்கிறேன் ஒவ்வொரு நாளும்.

"பாத்துக்கிடுங்க டீச்சர். பெறவு பாக்கலைன்னு சொல்லக்கூடாது."

வேண்டாம் என்று சொன்ன வாயோடு குனிகிறேன். நாக்குக்கு அடியில் ஒன்றும் இல்லை. இரண்டு கன்னத்தையும் பார்த்துவிட்டுத்தான் நிமிர்கிறேன்.